குழாய்த் தண்ணீர் சொன்ன ரகசியம் - டாக்டர் ரிங்கரின் வாழ்க்கை வரலாறு

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். நோயாளியின் கட்டிலுக்கு அருகே, கம்பியில் ஒரு பாட்டில் தொங்கும். அதில் இருந்து மருந்து நீர் சொட்டுச் சொட்டாக ரத்தக் குழாய்க்குள் இறங்கும். பல பாட்டில்களின் மேல் "ரிங்கர் லாக்டேட்" என்று அச்சிட்டு இருக்கும்.

வாந்தி பேதியால் உடம்பு வற்றிப் போனவர், விபத்தில் ரத்தம் இழந்தவர், ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பவர் ஆகிய பலருக்கும் அது உயிர் காக்கும் நீர்.

ரிங்கர் என்பது ஒரு மனிதரின் பெயர். அவர் இங்கிலாந்து நாட்டு டாக்டர். ரத்தத்தில் இருக்கும் சிறிதளவு சுண்ணாம்புச் சத்து இல்லாவிட்டால் இதயம் நின்று விடும் என்பதை முதன் முதலில் உலகுக்கு எடுத்துக் காட்டியவர் அவர்தான். சுண்ணாம்புச் சத்து என்று நாம் சொல்வதைத்தான் டாக்டர்கள் "கால்சியம்" என்கிறார்கள்.

சிறுநீரகம் கெட்டுப் போய், "டயாலிசிஸ்" எந்திரத்தின் உதவியால் உயிர் வாழ்கிறவர்கள் இன்று லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு எப்படித் தொடங்கியது தெரியுமா? ரிங்கரின் சோதனைச் சாலையில் நடந்த ஒரு தவறால்!

அந்தக் கதையைப் பார்ப்போம்.

நார்விச் நகரில் பிறந்தார்

சிட்னி ரிங்கர், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள நார்விச் நகரில் 1835-ம் ஆண்டு வாக்கில் பிறந்தார். அவருடையது வியாபாரக் குடும்பம். கடவுள் பக்தி மிகுந்த குடும்பம். சிட்னி சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்து விட்டார்.

சிட்னியின் சகோதரர்கள் இருவரும் பிழைப்புத் தேடிக் கீழ்த்திசைக்குக் கப்பல் ஏறினார்கள். ஒருவர் சீனாவில் உள்ள ஷாங்காய் நகருக்குப் போனார். தம்பி பிரெடரிக், ஜப்பானில் உள்ள நாகசாகிக்குப் போய், வியாபாரத்தில் பெரும் பணக்காரர் ஆனார். நாகசாகியில் அவர் பெயரால் ஒரு மாளிகை இருக்கிறது. ஜப்பான் முழுவதும் கிளைகள் கொண்ட "ரிங்கர் ஹட்" என்ற உணவு விடுதிக்கும் அந்தத் தம்பியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்!

சிட்னி கடல் கடந்து போகவில்லை. டாக்டர் தொழிலைத் தேர்ந்து எடுத்தார். முதலில் சொந்த ஊரில் ஒரு டாக்டரிடம் தொழில் பழகினார். பிறகு, 1854-ம் ஆண்டில் லண்டன் சென்று பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்தார். 1860-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1863-ல் எம்.டி. பட்டமும் கிடைத்தது.

அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தார். 1900-ம் ஆண்டு வரை அந்த ஆஸ்பத்திரியை விட்டு அவர் போகவே இல்லை.

1867-ம் ஆண்டில் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் ஆன் டார்லி. யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்தவர். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன.

எந்த நோய்க்கு எந்த மருந்து என்று விளக்கி ரிங்கர் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அது 1869-ல் வெளிவந்தது. 1897-க்குள் 13 பதிப்புகள் அச்சாயின. அந்தக் காலத்து டாக்டர்கள் பலருக்கு ரிங்கர் என்றால் அந்தப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். நோயாளிகளைப் பார்க்கும் வேலை முடிந்ததும் அவர் ஓடிப் போய் நுழைகிற சோதனைச் சாலையைப் பற்றி வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது.

தவளையின் இதயம்

அந்தச் சோதனைச் சாலையில் என்ன நடந்தது?

தவளையின் இதயத்தை உடம்பில் இருந்து தனியே எடுத்த பிறகும், தகுந்த நீரை அதற்குள் செலுத்தி வந்தால் அது மணிக்கணக்கில் துடிக்கும். ரத்தத்தை ஊற்றினால் துடிக்கிறது. அப்படியானால் ரத்தத்தில் இருக்கும் எந்தப் பொருள் இதயத்தைத் துடிக்க வைக்கிறது? இதுதான் ரிங்கரின் மனதில் எழுந்த கேள்வி.

ரத்தத்துக்குப் பதிலாக உப்புத் தண்ணீரைச் செலுத்திப் பார்த்தார். இதயம் நன்றாகத் துடித்தது. அதோடு சிறிது பொட்டாசியம் உப்பும் சேர்த்துக் கொண்டால் போதும் என்று முடிவு செய்தார். 1882-ம் ஆண்டில் அதைக் கட்டுரையாக எழுதி, விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டு விட்டார்.

பிறகுதான் அவருக்கு ஓர் உண்மை தெரிய வந்தது.

சோதனைக்கு உப்பைக் காய்ச்சி வடித்த தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். நீரைக் கொதிக்க வைத்து, ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிர வைத்து எடுக்கும் தண்ணீரில் வேறு எந்தப் பொருளும் இருக்காது. ஆனால் ரிங்கருக்குக் கிடைத்தது அந்தத் தண்ணீர் அல்ல. லண்டன் நகரக் குழாயில் வரும் சாதாரணத் தண்ணீர்!

சோதனைச் சாலை உதவியாளர் ஃபீல்டர் என்பவர், குழாயில் தண்ணீர் தாராளமாக வரும்போது, நேரத்தைச் செலவழித்து எதற்காகக் காய்ச்சி வடிக்க வேண்டும் என்று நினைத்து, குழாயைத் திறந்து பிடித்து விட்டாராம். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹென்றி டேல் என்ற விஞ்ஞானி இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்.

மறைக்கவில்லை

வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? உதவியாளர் மீது எரிந்து விழுந்திருப்பார். கட்டுரைதான் வெளிவந்து விட்டதே, யாருக்குத் தெரியப் போகிறது என்று பேசாமல் இருந்திருப்பார்.

ரிங்கர் அப்படிச் செய்யவில்லை. உடனே காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பைக் கரைத்து, சோதனையை மறுபடியும் முதலில் இருந்து தொடங்கினார்.

இதயம் துடித்தது. பிறகு துடிப்புத் தளர்ந்தது. சிறிது நேரத்தில் நின்றே போய் விட்டது!

அதே உப்பு. அதே தவளை இனம். மாறியது தண்ணீர் ஒன்றுதான். ஆகவே உயிர்ச் சரக்கு குழாய்த் தண்ணீரில்தான் இருக்க வேண்டும்.

அந்தத் தண்ணீர் "நியூ ரிவர்" என்ற கம்பெனியின் தண்ணீர். 1613-ம் ஆண்டில் வெட்டி முடித்த கால்வாய் வழியாக, லண்டனுக்கு வடக்கே உள்ள ஊற்றுகளில் இருந்து வந்தது. அந்தப் பகுதியின் பூமி முழுவதும் சுண்ணாம்புப் பாறை. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 38 மில்லிகிராம் கால்சியம் கலந்திருந்தது. பானையில் தண்ணீர் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சரக்குதான்.

நின்று போன இதயத்துக்கு ரிங்கர் சிறிது கால்சியம் உப்பைக் கொடுத்தார். இதயம் மீண்டும் துடித்தது!

1883-ம் ஆண்டில் அதே பத்திரிகையில் புதிய கட்டுரை எழுதினார். முந்திய சோதனையில் பயன்பட்டது குழாய்த் தண்ணீர் என்பதையும், முன்பு சொன்ன முடிவு நிற்கவில்லை என்பதையும் அதில் வெளிப்படையாக ஒப்புக் கொண்டார். அந்த ஒப்புதல்தான் அவருக்கு அழியாத புகழைத் தேடித் தந்தது.

வெற்றிலையும் சுண்ணாம்பும்

ரிங்கர் அதோடு நிறுத்தவில்லை. கால்சியத்தை அதிகமாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தார். இதயம் சுருங்கியது, ஆனால் சரியாக விரியவில்லை. இறுகிப் போய் நின்றது. பொட்டாசியம் அதற்கு எதிர் வேலை செய்தது. இரண்டும் அளவோடு சேர்ந்தபோது துடிப்பு ஒழுங்காக நடந்தது.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சுண்ணாம்பு குறைந்தால் வாய் சிவக்காது. கூடினால் வாய் வெந்து விடும். இதயத்துக்கும் அப்படித்தான்.

சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றையும் அளவோடு கலந்து அவர் தயாரித்த நீருக்கு "ரிங்கர் கரைசல்" என்று பெயர் வந்தது. 1930-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் அதில் லாக்டேட் என்ற பொருளையும் சேர்த்தார். அதுதான் ஆஸ்பத்திரியில் தொங்கும் பாட்டில்.

மகளின் நினைவு

1885-ம் ஆண்டில் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கம் ரிங்கரை உறுப்பினராக்கிக் கவுரவித்தது. ஆனால் வீட்டில் ஒரு பெரும் துயரம் முன்பே நேர்ந்து இருந்தது. மூத்த மகள் சிறு வயதிலேயே இறந்து போனாள்.

யார்க்ஷயரில் லாஸ்டிங்கம் என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 900 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஒரு தேவாலயம் உண்டு. மகளின் நினைவாக ரிங்கர் தம்பதியர் அதைத் தங்கள் செலவில் புதுப்பித்துக் கொடுத்தார்கள். 1879-ல் அந்த வேலை நடந்தது.

1900-ம் ஆண்டில் ஓய்வு பெற்றதும் ரிங்கர் அந்தக் கிராமத்துக்கே போய் விட்டார். 1910-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி அங்கே காலமானார்.

தவளை இதயமே தராசு!

ரிங்கர் இறந்து 24 ஆண்டுகள் கழித்து, 1934-ல், அமெரிக்காவில் சிகாகோ நகரில் மக்லீன், ஹேஸ்டிங்ஸ் என்ற இருவர் ஒரு காரியம் செய்தார்கள். ரத்தத்தில் உள்ள கால்சியத்தை அளக்கத் தவளை இதயத்தையே தராசாக வைத்துக் கொண்டார்கள். இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்று பார்த்து, கால்சியம் எவ்வளவு என்று கணக்கிட்டார்கள்.

ஏன் தவளை இதயம்? காரணம் இருக்கிறது.

ரத்தத்தில் உள்ள கால்சியம் முழுவதும் வேலை செய்வது இல்லை. ஏறத்தாழப் பாதிதான் சுதந்திரமாக உலவுகிறது. மீதியில் பெரும் பகுதி "ஆல்புமின்" என்ற புரதச் சத்தோடு ஒட்டிக் கொண்டு சும்மா இருக்கிறது. வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் வயலுக்குப் போகிறவர்கள் ஐந்து பேர்தான் என்பது போல. இதயத்தை இயக்குவது உலவுகிற கால்சியம் மட்டுமே. ஆகவே தவளை இதயம் அதை மட்டும் சரியாகக் காட்டிக் கொடுத்தது.

இன்று அந்த வேலையை எந்திரம் செய்கிறது. "அயனி கால்சியம்" என்று ரிப்போர்ட்டில் வருவது இந்த உலவும் கால்சியம்தான்.

சிறுநீரகம் கெட்டால்...

இனி டயாலிசிஸ் நோயாளியின் கதைக்கு வருவோம்.

சிறுநீரகம் அழுக்கை வெளியேற்றுவதோடு நிற்பது இல்லை. வைட்டமின் டி-யை உடம்புக்கு உதவும் வடிவத்துக்கு மாற்றுவதும் அதுவே. அந்த வைட்டமின் இருந்தால்தான் உணவில் உள்ள கால்சியத்தைக் குடல் நன்றாக உறிஞ்சும். சிறுநீரகம் கெட்டால் அந்த வேலை தடைப்படும். பாஸ்பரஸ் என்ற உப்பும் வெளியேறாமல் ரத்தத்தில் சேரும். கால்சியம் குறையும்.

கழுத்தில், தைராய்டு சுரப்பிக்குப் பின்னால், பருப்பு அளவில் 4 சிறு சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் அவை விழித்துக் கொள்ளும். எலும்பைக் கரைத்து, கால்சியத்தை ரத்தத்துக்குக் கொண்டு வரும்.

நமது உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. கையில் பணம் இல்லாதபோது வீட்டு நகையை ஒவ்வொன்றாக அடகு வைப்பது போல, உடம்பு எலும்பை அடகு வைக்கிறது. வெளியே பார்த்தால் குடும்பம் நன்றாக நடக்கிறது. உள்ளே பெட்டி காலியாகிறது!

அதனால்தான் ரத்தத்தில் கால்சியம் சரியாக இருக்கிறது என்ற ஒரு கணக்கோடு டாக்டர்கள் நிற்பது இல்லை. பாஸ்பரஸ் எவ்வளவு, பாராதைராய்டு சுரப்பு எவ்வளவு என்றும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

குழாய்த் தண்ணீர் மீண்டும் வந்தது

1943-ம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் வில்லம் கோல்ஃப் என்ற டாக்டர் செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளிக்குப் பயன்படுத்தினார். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர், டயாலிசிசைத் திரும்பத் திரும்பச் செய்ய வழி கண்டார். சிறுநீரகம் முற்றிலும் கெட்டவர்களும் ஆண்டுக்கணக்கில் வாழ முடியும் என்ற நிலை பிறந்தது.

ஒரு முறை டயாலிசிஸ் செய்யும்போது, சுமார் 120 லிட்டர் நீர், மெல்லிய சவ்வுக்கு அந்தப் புறம் ரத்தத்தை உரசிக் கொண்டு ஓடுகிறது. அந்த நீரில் கால்சியமே இல்லாவிட்டால், ரத்தத்தில் உள்ள கால்சியம் சவ்வு வழியாக வெளியே போய் விடும். அதிகமாக இருந்தால் ரத்தத்துக்குள் புகுந்து விடும். ஆகவே லிட்டருக்கு 50 முதல் 60 மில்லிகிராம் கால்சியம் இருக்கும்படி அந்த நீரைப் பெரும்பாலும் தயாரிக்கிறார்கள். ரிங்கரின் பாடம் இங்கேயும் உதவுகிறது.

1967-ம் ஆண்டில் அமெரிக்க டாக்டர்கள் ஒரு விபரீதத்தை எழுதி வைத்தார்கள். தண்ணீரில் உள்ள சுண்ணாம்பை நீக்கும் கருவி பழுதாகி, கடினத் தண்ணீர் அப்படியே டயாலிசிஸ் எந்திரத்துக்குள் போய் விட்டது. நோயாளிகளுக்குக் குமட்டல், வாந்தி, தளர்ச்சி, ரத்தக் கொதிப்பு எல்லாம் வந்தன. தவளை இதயத்தை வாழ வைத்த குழாய்த் தண்ணீர், அளவு மிஞ்சியதும் மனிதருக்கு விஷமாயிற்று. இப்போது டயாலிசிஸ் நிலையங்களில் தண்ணீரைப் பல முறை சுத்தம் செய்து, பரிசோதித்த பிறகே பயன்படுத்துகிறார்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

100 மில்லி ரத்த நீரில் மொத்தக் கால்சியம் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருந்தால் அது இயல்பான அளவு. இது லேபுக்கு லேப் சிறிது மாறும்.

டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்கு ஆல்புமின் குறைந்து இருக்கும். ஆல்புமின் குறைந்தால் அதோடு ஒட்டியிருக்கும் கால்சியமும் குறையும். அப்போது மொத்தக் கணக்கு குறைவாகத் தெரியும். ஆனால் உலவும் கால்சியம் சரியாகவே இருக்கலாம்.

இதற்காக டாக்டர்கள் ஒரு கணக்குப் போடுவது உண்டு. ஆல்புமின் 4 கிராமுக்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும், கால்சியத்தோடு 0.8 கூட்ட வேண்டும். உதாரணமாக, கால்சியம் 7.6, ஆல்புமின் 2.5 என்று வைத்துக் கொள்வோம். ஆல்புமினில் குறைவு 1.5. அதை 0.8-ஆல் பெருக்கினால் 1.2. இதை 7.6-உடன் கூட்டினால் 8.8. பயந்த அளவுக்குக் குறைவு இல்லை!

ஆனால் டயாலிசிஸ் நோயாளிக்கு இந்தக் கணக்கும் சில சமயம் ஏமாற்றி விடும். சிறுநீரகம் கெட்டவரின் ரத்தத்தில் புளிப்புத் தன்மை ஏறி இருக்கும். டயாலிசிஸ் முடிந்ததும் அது மாறி விடும். அதற்கு ஏற்ப, உலவும் கால்சியம் கூடும், குறையும். ஆகவே சந்தேகம் வந்தால் அயனி கால்சியத்தை நேராக அளப்பதே நல்லது.

அளப்பதிலும் கவனம் தேவை. மாதாந்திரப் பரிசோதனைக்கு ரத்தத்தை டயாலிசிஸ் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். கையில் இறுக்கிய பட்டையை வெகு நேரம் விட்டு வைத்தால் மொத்தக் கணக்கு ஏறிக் காட்டும். அயனி கால்சியத்துக்கு எடுத்த ரத்தத்தில் காற்றுப் படக் கூடாது. தாமதம் செய்யாமல் பரிசோதிக்க வேண்டும். பொதுவாக 1 மாதம் முதல் 3 மாதத்துக்கு ஒரு முறை இந்தப் பரிசோதனை நடக்கும்.

குடும்பத்தார் கவனிக்க

வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு, கை கால் இழுப்பு ஆகியவை கால்சியம் குறைந்ததன் அடையாளமாக இருக்கலாம். குமட்டல், மலச்சிக்கல், சோர்வு, மனக் குழப்பம் ஆகியவை கூடியதன் அடையாளமாக இருக்கலாம். எதுவானாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடச் சொல்லிக் கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தால், அது பெரும்பாலும் உணவில் உள்ள பாஸ்பரசைக் குடலிலேயே பிடித்து நிறுத்துவதற்காக இருக்கும். அதைச் சாப்பாடு இல்லாத நேரத்தில் விழுங்கினால் அந்தப் பயன் கிடைக்காது. கால் வலிக்கிறது, எலும்பு தேய்கிறது என்று சொல்லிக் கடையில் நீங்களாகக் கால்சியம் மாத்திரையோ, வைட்டமின் டி மருந்தோ வாங்கிக் கொடுக்காதீர்கள். மிஞ்சிய கால்சியம் ரத்தக் குழாய்களிலும் இதயத்தின் வால்வுகளிலும் படிந்து கல்லாகி விடும்.

ரிப்போர்ட் வந்ததும் கால்சியம், ஆல்புமின், பாஸ்பரஸ் மூன்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எண் திடீரென்று மாறி இருந்தால், ரத்தம் எப்போது எடுத்தது, எப்படி எடுத்தது என்று கேளுங்கள். மறுபடியும் பரிசோதிக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

டாக்டர் ரிங்கரும் அதைத்தான் செய்தார். கிடைத்த விடையை நம்பி உட்கார்ந்து விடாமல், தண்ணீர் எங்கே இருந்து வந்தது என்று பார்த்தார். அதனால்தான் 1910-ல் இறந்த அவருடைய பெயர், இன்றும் ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு மேலே தொங்குகிறது.